இடப்பக்கத்துச் சம்பந்தி

பிரேக் மாஸ்டருக்கு அந்தப் பெயர் வந்தது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்தில். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தால், பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியிலும் ஒன்று இருக்கும். மற்ற மாஸ்டர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் தொடுவார்கள். இவர் அப்படியில்லை. தெருவோரத்தில் ஒரு பூனை கொட்டாவி விட்டால்கூட மிதிப்பார். எதிரே லாரி வரப்போகிறது என்று மனசுக்குப் பட்டாலே மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கழுத்துவலி இருந்தது.

ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து அவருக்கு நடுக்குவாதம் வந்தது. கை நடுங்கியதைக்கூடச் சமாளித்துக்கொண்டார்; கோப்பையில் பாதி டீ ஊற்றினால் போதும், சிந்தாது. கால்தான் காலை வாரியது. கூடத்தில் ஜோராக நடந்து வருவார். குளியலறை வாசலுக்கு வந்ததும் இரண்டு பாதமும் பசை போட்ட மாதிரி தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கும். உடம்பு வாசலிலேயே நிற்கும்.

"என்னப்பா, யாரு பிரேக்கை மிதிச்சது?" என்று மகன் சிரிப்பான். அவன் சிரித்தால் இவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கால் இன்னும் கெட்டியாக ஒட்டும். மருமகள் புருஷனை ஒரு முறை முறைத்துவிட்டு, "அவசரமே இல்ல மாமா, நிதானமா வாங்க" என்பாள். அந்தக் குரலுக்குக் கால் கொஞ்சம் இளகும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் மருமகளின் அம்மா வந்து சேர்ந்தார்.

சம்பந்தியம்மா சொந்தமாக அழகு நிலையம் நடத்தியவர். அந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அவர் வரைந்த புருவத்தோடுதான் நடந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, கைத்தடி பிடித்து நடந்தார். ஆனால் இடப்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டதாம்.

மறதி என்றால் சாதாரண மறதி இல்லை. வலப்பக்கத் தலையை மட்டும் வாரிக்கொள்வார். உதட்டுச் சாயம் நடு உதட்டோடு நின்றுவிடும். பாதி முகம் வரவேற்புக்குக் கிளம்பிய மாதிரியும், மீதி முகம் இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்த மாதிரியும் இருக்கும். யாராவது ஜாடையாகச் சொன்னால், "எனக்கு என்ன குறை? உங்க வீட்டுக் கண்ணாடி சின்னது" என்பார்.

வந்த மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் டீக்காக உட்கார்ந்திருந்தார். மருமகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். சம்பந்தியம்மா தட்டில் பிஸ்கட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். மாஸ்டர் மரியாதையாகத் தலையசைத்தார். பதில் இல்லை. சம்பந்தியம்மா போனை வலது காதில் வைத்து, தன் தங்கையிடம் பேசத் தொடங்கினார்.

"வந்துட்டேன்டி. எல்லாம் வசதிதான். சம்பந்தியா? அவரு இங்க எங்க இருக்காரு, ஏதாவது வாசல்ல மாட்டிக்கிட்டு நிப்பாரு. நடக்குறாரு, நடக்குறாரு, நடந்துக்கிட்டே இருக்காரு. பின்னாடி ஆமை வந்தா ஹாரன் அடிக்கும்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா அவரை நேருக்கு நேர் வையவில்லை. அவர் அங்கே இருப்பதே தெரியாமல் வைதுகொண்டிருந்தார். மாஸ்டர் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடப்பக்கம்.

ஒரு செருமல் செருமியிருக்கலாம். நல்ல மனுஷன் செருமியிருப்பான். மாஸ்டர் வாய் வரை வந்த செருமலை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார். தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு மனம் திறந்து பேசி அவர் கேட்டதே இல்லை.

"பாத்ரூம்ல பாட்டு வேற பாடுறாரு. கழுதைக்குப் பல்லுவலி வந்தா அப்படித்தான் கத்தும்" என்றார் சம்பந்தியம்மா. போனுக்குள் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பது மேசை வரை கேட்டது.

அதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. கை தானாக நீண்டது. தட்டின் இடப்பாதியில் இருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தார். சம்பந்தியம்மா பேசிக்கொண்டே இருந்தார். இன்னொன்றை எடுத்தார். கடிக்கும்போது சத்தம் வராமலிருக்க டீயில் நனைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. சாயங்காலமானால் மாஸ்டர் முன்கூட்டியே வந்து இடப்பக்க நாற்காலியைப் பிடித்துவிடுவார். சம்பந்தியம்மா திட்டுவார், மாஸ்டர் தின்பார். மீட்டிங் முடிந்து மருமகள் வரும் நேரத்துக்குச் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

"ஏண்டி, எனக்கு மட்டும் ரெண்டே ரெண்டு பிஸ்கட் வெக்கிறே?" என்று கேட்பார் சம்பந்தியம்மா.

"நிறைய வெச்சேன்மா. தட்டைத் திருப்பிப் பாரு, இடப்பக்கத்துல இருக்குறது உனக்குத் தெரியாது."

"திருப்பிட்டேன். அந்தப் பக்கமும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

மருமகள் குழம்பிப்போய் நிற்பாள். செய்தித்தாள் லேசாக நடுங்கும். அது நோயினால் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இருவரையும் ஒரே மருத்துவமனைக்குத்தான் மகன் பயிற்சிக்கு அழைத்துப்போவான். பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, சுவர் அளவுக்குக் கண்ணாடி, தரையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள் என்று நீளமான அறை. அங்கிருந்த பெண்ணை எல்லாரும் பிசியோ என்றே கூப்பிட்டார்கள். சிரித்த முகம் மாறாமல் முழங்காலை மடக்கி அலறவைக்கக்கூடியவள். அவள் ஒருநாள் தடித்த சட்டம் போட்ட இரண்டு கறுப்பு மூக்குக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தாள்.

"சார், இதைப் போட்டா நிஜத் தரையும் தெரியும், அதுமேல நாங்க போடுற கோடும் தெரியும். கோட்டைத் தாண்டித் தாண்டி நடங்க. தாண்டுறதுக்குன்னு கண்ணு முன்னாடி ஒண்ணு இருந்தா, மூளை வேற வழியில காலுக்குச் சேதி அனுப்பிடும்."

மாஸ்டர் மாட்டிக்கொண்டார். காலடியில் தொடங்கி அறைக்கோடி வரை படிப்படியாக வெள்ளைக் கோடுகள் விழுந்தன. மாஸ்டர் அசையவில்லை.

"நடங்க சார்."

"எப்படிம்மா நடக்குறது? ஜீப்ரா கிராஸிங் போட்டிருக்கே. கோட்டுக்கு முன்னாடி நிக்கணும். காலம் பூரா இதைத்தானே கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்."

"நீங்க இப்ப வண்டி இல்ல சார், ஆளு."

"ஆளுன்னா ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் இறங்கணும்" என்று வலமும் இடமும் பார்த்தார். இடப்பக்கம் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று மாஸ்டர் காத்திருந்தார். மாஸ்டர் போகட்டும் என்று அவர் காத்திருந்தார்.

பிசியோ பெருமூச்சு விட்டுக் கோடுகளை நீலமாக்கினாள். நீலக் கோட்டுக்குச் சாலை விதியில் இடமில்லை. மாஸ்டர் காலைத் தூக்கி வைத்தார். அடுத்த கோடு, அதற்கடுத்தது. அறையின் வாசல் வந்தது. கால் ஒட்டப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஒட்டவில்லை. வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். பிசியோ சரி சொல்வதற்குள் உள்ளே வந்து மறுபடி வெளியே போனார். மருந்து வண்டி தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ், "பெரியவரே, ஒண்ணு உள்ள இருங்க, இல்ல வெளிய இருங்க" என்று அதட்டும் வரை அவர் நிறுத்தவில்லை. கண்ணாடிக்குள் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அது வெளியே தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சம்பந்தியம்மாவின் கண்ணாடியில் கோடு இல்லை, கோழிக்குஞ்சு. இடப்பக்கம் மஞ்சளாக ஒரு குஞ்சு வந்து 'கீச்' என்று கத்தும். திரும்பிப் பார்த்துக் கையால் தொட்டால் கூடைக்குள் போய்விடும். தொடத் தொட அடுத்தது இன்னும் இடப்பக்கமாக வரும்.

"நான் பார்லர் வெச்சிருந்தவ. பண்ணை இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

"விளையாட்டுத்தான் ஆன்ட்டி. வீட்டுலயும் போட்டுப் பழகுங்க. ரெண்டு பேரும் எடுத்துட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் மாஸ்டர் வழக்கம்போல இடத்தைப் பிடித்தார். சம்பந்தியம்மா புதுக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டார். "கோழி பிடிக்கச் சொல்லியிருக்காங்கடி. நானாவது கோழி பிடிக்கிறேன். சம்பந்தி ஜீப்ரா கிராஸிங்ல நின்னுக்கிட்டு..."

கீச்.

மேசை மேல் ஒரு குஞ்சு இடப்பக்கமாக ஓடியது. சம்பந்தியம்மா தலையைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கையை வீசிப் பிடித்தார். பிடிபட்டது மாஸ்டரின் மீசை.

மாஸ்டரின் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது.

"எவ்வளவு நேரமா இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார் சம்பந்தியம்மா, மீசையை விடாமலே.

"நீங்க வந்த மறுநாள்லேர்ந்து" என்றார் மாஸ்டர். வாய் நிறைய இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்தது, சிவந்தது, மறுபடி வெளுத்தது. தான் பேசிய ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வருவதை மாஸ்டரால் பார்க்க முடிந்தது. ஆமை வந்தது, கழுதை வந்தது. போனில் தங்கை "ஹலோ, ஹலோ" என்று கூவிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா மீசையை விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனார்.

அப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாஸ்டர் டீயை பால்கனிக்கு மாற்றிக்கொண்டார். சம்பந்தியம்மா பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றார். என்ன நடந்தது என்று மருமகள் இருவரையும் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தாள். சொன்னால் இரண்டு பேர் குட்டும் சேர்ந்து உடையும் என்பதால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

மறுபரிசோதனை நாள் வந்தது. மகன் காரை எடுக்கக் கீழே போனான். மருமகள் பைகளைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் லிஃப்டுல கீழ வந்துடுங்க. சேர்ந்து வாங்க!" என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் ஓடினாள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கண்ணாடிகளை அலமாரியிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா கைத்தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். மாஸ்டர் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனார். லிஃப்டுக்குச் சற்று முன்னால்தான் கண்ணாடியைப் போட்டார்.

கீச்.

இடப்பக்கச் சுவரோரமாக ஒரு கோழிக்குஞ்சு நின்று அவரைப் பார்த்தது. பாடத்தை மாற்றிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தார். குறுகலான வாசல். இன்னொரு கால் வெளியிலேயே ஒட்டிக்கொண்டது.

கோட்டைத் தேடினார். கோடு இல்லை. குஞ்சுகள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. பொம்மைக் கோழி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும், காலை எடுத்து வைத்தால் மிதித்துவிடுவோமோ என்று கால் இன்னும் இறுகியது. லிஃப்ட் கதவு வந்து அவர் தோளில் இடித்துத் திறந்தது. மறுபடி வந்து இடித்தது.

'தயவுசெய்து கதவை விட்டு விலகி நிற்கவும்' என்றது லிஃப்ட்.

"அதுக்குத்தானேம்மா பாக்குறேன்" என்றார் மாஸ்டர்.

இதற்குள் பின்னால் ஒரு மெத்தை வந்து நின்றது. தூக்கி வந்தவர் மெத்தைக்குப் பின்னால் முழுதாக மறைந்திருந்தார். "யாருங்க முன்னாடி? கொஞ்சம் ஏறுங்க, கை வலிக்குது" என்று மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது.

லிஃப்டுக்குள் சம்பந்தியம்மா தானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தபடி நின்றார். வாசல் அவருக்கு இடப்பக்கம். "யாரு இது, தரையெல்லாம் நீலக் கோடு கிழிச்சு வெச்சது?" என்று கேட்டார்.

மாஸ்டருக்கு விஷயம் விளங்கியது. பேச்சுவார்த்தை இல்லாததையும் மறந்தார். "சம்பந்தியம்மா, அது என் கோடு!"

"உங்க கோடுன்னு பட்டா போட்டிருக்கா?"

"கண்ணாடி மாறிப்போச்சுங்க! உங்க கோழியெல்லாம் என்கிட்ட இருக்கு!"

"லிஃப்டுல கோழி ஏத்தக் கூடாதுங்க" என்றது மெத்தை.

"நீங்க எங்க இருக்கீங்க, குரல் மட்டும் வருது" என்று சம்பந்தியம்மா வலப்பக்கமாகத் திரும்பினார். லிஃப்டின் பின்சுவரில் கண்ணாடி பதித்திருந்தது. அதில் மாஸ்டர் தெரிந்தார். "இதோ இருக்கீங்களே" என்று கையை நீட்டினார். கை பிம்பத்தில் முட்டியது. கதவைத் தட்டுவதுபோல மாஸ்டரின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கீங்க?"

கதவு மறுபடி வந்து மாஸ்டரை இடித்தது. அந்த இடியில் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பயிற்சி மாஸ்டர் எழுந்துகொண்டார்.

"நான் சொல்றபடி செய்யுங்க. இடது இண்டிகேட்டர்!"

"என்னது?"

"இடது கையைத் தூக்குங்க. தூக்கியாச்சா? இப்ப அந்தக் கையைத் தேடிப் பாருங்க. தலை அதுவரைக்கும் போகட்டும். இன்னும். இன்னும் கொஞ்சம் ஒடிங்க. ஸ்டியரிங்கைப் பாதியில விடாதீங்க!"

சம்பந்தியம்மா வாழ்நாளில் யார் அதட்டலுக்கும் திரும்பியவர் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குக் கழுத்துவலியோடு ஓர் ஊரே திரும்பியிருக்கிறது. தலை மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் தன் கை தெரிந்தது. அப்புறம் கதவு. கதவுக்கு நடுவே, ஒரு கால் உள்ளும் ஒரு கால் வெளியுமாக, முழு மாஸ்டர்.

"அட, இங்கயா நிக்கிறீங்க!" என்றார். குனிந்து அவர் காலைப் பார்த்தார். "கோடு உங்க காலுக்கு முன்னாடியே ஓடுதே."

"உங்களுக்கு ஓடுது. எனக்குத் தெரியலையே."

சம்பந்தியம்மா ஒரு கையால் லிஃப்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியை அந்தக் கோடு இருந்த இடத்தில் குறுக்காகப் போட்டார். "போதுமா? தாண்டுங்க."

மாஸ்டர் தடியைப் பார்த்தார். ஒட்டியிருந்த கால் விடுபட்டு, தடியைத் தாண்டி உள்ளே வந்தது. அவரோடு சேர்ந்து மெத்தையும் வந்தது. கதவு மூடியது. மாஸ்டர் ஒரு மூலையிலும் சம்பந்தியம்மா இன்னொரு மூலையிலும் நசுங்கி நிற்க, இருவருக்கும் நடுவில் மெத்தை சுவராக நின்றது. லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கியது.

முகம் தெரியாததால் பேசுவது சுலபமாக இருந்தது.

"நான் போன்ல சொன்னதெல்லாம் கேட்டீங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"எல்லாம் கேட்டேன்."

"கேட்டதுல எது பொய்?"

மாஸ்டர் யோசித்தார். ஆமை உண்மைதான். வாசலில் நிற்பதும் உண்மைதான். "பாட்டைப் பத்திச் சொன்னதுதான் ரொம்ப ஓவர்" என்றார்.

"தங்கச்சி சிரிக்கணும்னு சொன்னது. நான் நோய்ல படுத்ததுலேர்ந்து எல்லாரும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டுறாங்க. அவ ஒருத்திதான் சிரிக்கிறா." மெத்தையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "நீங்க எத்தனை பிஸ்கட் தின்னீங்க?"

"கணக்கு வெச்சுக்கல. மன்னிச்சிடுங்க."

"நானும் இங்கதாங்க இருக்கேன்" என்றார் மெத்தைக்காரர் நடுவிலிருந்து. "சார், அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடுங்க. நான் நியாயம் சொல்றேன்."

மாஸ்டருக்கு அதற்குமேல் அழைப்பு தேவைப்படவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மேல் ஸ்தாயியில் எடுத்தார். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்று கதவு திறந்தது. வெளியே காத்திருந்த மகனும் மருமகளும் பார்த்தது, முழுக் குரலில் பாடும் ஒரு மெத்தையை.

"கழுதை இல்லீங்க" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே மெத்தைக்காரர் வெளியே வந்தார். "ஆனா பல்லுவலி இருக்கு."

மெத்தைக்குப் பின்னால் சம்பந்தியம்மா கம்பியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா சிரித்துப் பல நாளாயிற்று என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன ஏது என்று அவள் கேட்கவேயில்லை.

பிசியோவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள், பிஸ்கட் உட்பட. அவள் கூம்பு ஒன்றின் மேல் உட்கார்ந்து சிரித்தாள், கூம்பு நசுங்கியது. பிறகு தொழில் முகத்தோடு சொன்னாள்: "சார், நீங்க தினமும் அவங்க இடப்பக்கமே உக்காருங்க. ஆனா வாயை மூடிக்கிட்டு இல்ல. பேசணும். அவங்க திரும்பற வரைக்கும் பேசணும். ஆன்ட்டி, நீங்க அவர் வாசல்ல நின்னுட்டா திட்டாதீங்க, தடியைப் போடுங்க."

"திட்டிக்கிட்டே போடலாமா?" என்றார் சம்பந்தியம்மா.

அதற்கு அனுமதி கிடைத்தது.

சில மாதம் கழித்துக் கண்ணாடிகள் வேறு நோயாளிகளுக்குப் போயின. நோய் எங்கும் போய்விடவில்லை. மாஸ்டர் இன்னும் சில வாசல்களில் நிற்கிறார். வீட்டு வாசல்களில் மட்டும் மகன் நீல டேப் ஒட்டிவிட்டான். அவன் கேலியை நிறுத்திவிட்டானா என்றால், இல்லை. மாஸ்டருக்குத்தான் இப்போது கோபம் வருவதில்லை. சம்பந்தியம்மாவின் உதட்டுச் சாயம் நடு உதட்டைத் தாண்டி இடக்கோடி வரை போய்விடுகிறது. சில நாள் அங்கே நிற்காமல் கன்னத்துக்கும் போகிறது. பரவாயில்லை, அந்தப் பக்கமும் தன் முகம்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் இருவரும் தனியாகவே தெருக்கோடிச் செருப்புக் கடைக்குப் போனார்கள். குதிகாலில் வார் வைத்த செருப்பு வேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தாள். மாஸ்டருக்குப் பழுப்பு நிறம் பிடித்தது. சிவப்பு எடுத்தால்தான் கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியும் என்றார் சம்பந்தியம்மா. இந்த வயதில் சிவப்புச் செருப்பா என்றார் மாஸ்டர். வயதைப் பற்றி யார் பேசினார்கள், நிறத்தைப் பற்றித்தானே பேச்சு என்றார் சம்பந்தியம்மா. கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்து அலுத்துப்போய், சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மாஸ்டரின் ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் பழுப்பும் இருந்தன. இருவரும் எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டை வறண்டுபோய், அவரிடமே குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.